உடையாத கண்ணாடி

அத்தியாயம் 11

கொத்தனார் வந்துவிட்டுப் போன நாளிலிருந்து அந்தக் கருங்கல் வீட்டில் யாரும் கதவை அறைந்து சாத்துவதில்லை. சத்தத்துக்குச் சுவர் விழும் என்று அவர் சொல்லவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "சுவர் வயிறு தள்ளியிருக்கு. மாசமா இருக்கற பொண்ணு மாதிரி. எப்போன்னுதான் தெரியல."

மாமனார் படுத்திருக்கும் கடைசி அறைக்கும் பழைய மாட்டுக்கொட்டகைக்கும் நடுவில் நிற்கும் சுவர் அது. ஜன்னல் மூலையில் தொடங்கிய விரிசல் கட்டிலின் உயரத்துக்கு இறங்கியிருந்தது. அந்த விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் காரை அப்பி ஒட்டிவிட்டுப் போயிருந்தார் கொத்தனார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அசையாவிட்டால் அப்படியே இருக்கும்.

உடைந்தால் என்ன செய்வது என்பதையும் அன்றைக்கே பேசி முடித்துவிட்டார்கள். முடித்தது நாத்தனார், அதுவும் போனில். "கண்ணாடி உடைஞ்சா அன்னைக்கே அப்பாவை நான் கூட்டிட்டு வந்துடுவேன். நீங்க வீட்டைப் பூட்டிட்டு எங்கயாவது வாடகைக்குப் பாருங்க." டவுனில், நாலாவது மாடியில் அவள் வீடு.

"இந்த ரூமை விட்டு நாலு பேர் தூக்கிட்டுப் போனாத்தான் நான் போவேன்," என்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார் மாமனார்.

அவருடைய ஒரே மகன் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டன்ட் வேலை. தெருவில் எல்லோரும் அவனை லேப்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அது போன வாரம். இன்று சனிக்கிழமை. விடிந்ததிலிருந்து மருமகள் இன்னும் ஓரிடத்தில் உட்காரவில்லை.

மாமனாருக்கு வாதத்தில் இடது பக்கம் விழுந்து இரண்டு வருடமாகிறது. புரட்டிப் போட வேண்டும், துடைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும். பேசினில் இருப்பதை எடுத்துக்கொண்டு வீட்டின் முழு நீளத்தையும் கடந்து, கல் பாவிய முற்றத்தைத் தாண்டிப் போய்க் கொட்ட வேண்டும். அந்த வீட்டைக் கட்டியவர்கள் மாட்டுக்குத் தண்ணீர் போக வழி வைத்தார்கள், மூட்டைக்கு இடம் வைத்தார்கள், வண்டி திரும்ப இடம் வைத்தார்கள். நோயாளிக்கும் அவரைப் பார்த்துக்கொள்கிறவளுக்கும் ஒன்றும் வைக்கவில்லை. ஒவ்வொரு அறைக்கும் கல்லாலேயே வாசற்படி, முழங்கால் உயரத்துக்கு. அவள் முட்டி அந்தப் படிகளை எண்ணாமலே அறியும்.

முற்றத்துக்கு அந்தப் பக்கம், வண்டிக்கொட்டகையைத் தாண்டினால் களஞ்சியம். ஆறு கல் கால்களின் மேல் நிற்கிற சின்னக் கல் அறை. ஒவ்வொரு காலின் தலையிலும் வட்டமான பலகைக்கல் ஒன்று தொப்பி மாதிரி கவிழ்ந்திருக்கும். எலி காலில் ஏறினாலும் தொப்பியைத் தாண்ட முடியாது. ஏறிப் போகும் கல்படிகள் கூட வாசலுக்கு ஒரு எட்டு முன்னாலேயே நின்றுவிடும், அதே எலிக்குப் பயந்துதான். தானியம் போய் எத்தனையோ காலமாயிற்று. இப்போது அங்கே இருப்பது வெங்காயக் கூடையும் ஒரு கோரைப்பாயும். வெங்காயம் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மருமகள் அந்தப் பாயில் கொஞ்ச நேரம் படுப்பாள். உலகத்திலேயே அவளை யாரும் கூப்பிடாத இடம் அது ஒன்றுதான். 'இந்த வீட்டுல வெங்காயம் ரொம்பச் செலவாகுது' என்று கணவன் ஒருநாள் சொன்னபோது அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

பால் காய்ச்சும்போது போன் அடித்தது. கொத்தனார்.

"அக்கா, இன்னைக்கு வரேன்னு சொல்லியிருந்தேன். இங்க சாரம் கட்டி ஆளெல்லாம் மேல நிக்கறாங்க, விட்டுட்டு வர முடியல. அந்தக் கண்ணாடியை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அது போதும்."

"நான் எடுத்தா சரியா வருமா?"

"உடைஞ்சிருக்கா இல்லையான்னு தெரிஞ்சாப் போதுங்க்கா. கல்யாண ஆல்பமா போடப் போறோம்?"

மாமனார் லேசாகக் கண் அசந்திருந்தார். மருமகள் போனோடு ஈரத்துணியையும் எடுத்துக்கொண்டு போனாள். தூசியோடு ஒரு பொருளைப் படம் எடுத்து அடுத்தவருக்கு அனுப்புவது அவளால் ஆகாத காரியம். கண்ணாடியைத் துடைத்தாள். ஓரத்தையும் ஒரு இழுப்பு இழுத்தாள். இழுத்த பிறகுதான், ஐயோ கையைக் கிழிக்குமே என்று நினைவு வந்தது. போன வாரம் அதே இடத்தில் கிழித்திருந்தது. ஆள்காட்டி விரலில் அந்தக் கோடு இன்னும் ஆறவில்லை.

இன்று கிழிக்கவில்லை.

விரலால் தடவிப் பார்த்தாள். ஓரம் வழவழவென்று இருந்தது. நாலு மூலையும் அளவெடுத்த மாதிரி. கொத்தனார் ஒட்டியது உடைந்த ஜன்னல் கண்ணாடி. அவள் கண் முன்னால்தான் முழங்காலில் வைத்துக் குறட்டால் ஒடித்தார், கோணல்மாணலாக. இது அது இல்லை.

இது எது என்று யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வரும். கணவன் சோப்புத் தண்ணீரில் போட்டுக் கொடுப்பான், அவள் கழுவித் துடைத்துத் துணியில் அடுக்குவாள். வெங்காயத் தோலையும் இலை நரம்பையும் வைத்து மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் தள்ளுகிற கண்ணாடி. அவள் கழுவாத கண்ணாடியா?

போனை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். முதலில் வந்தது பயம் இல்லை. 'அப்படின்னா வீட்டைக் காலி பண்ணணும், எல்லாத்தையும் நான்தான் கட்டணும்' என்ற நினைப்புதான் வந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்று, மெத்து மெத்தென்று, கூப்பிடாமலே வந்தது. 'மாமா போயிட்டா நான் தூங்கலாம்.'

அந்த இரண்டாவது நினைப்பைப் பார்த்து அவளுக்கே முகம் சுட்டது.

கணவன் மாட்டுக்கொட்டகையில் இருந்தான். வீட்டுக்கும் கொட்டகைக்கும் ஒரே கூரை. மாடுகள் இருந்த காலத்தில் அவற்றின் சூடு சுவர் வழியாகக் கடைசி அறைக்கு வரும் என்பார்கள். இப்போது அங்கே கூரை ஓடு நாலைந்து சரிந்து, மழை நேராகச் சுவரின் தலையில் இறங்குகிறது. பழைய வண்டி நுகத்தடி ஒன்றைச் சாய்த்துச் சுவருக்கு முட்டுக்கொடுத்திருந்தான் அவன். நுகத்தடிக்கு அடியில் பள்ளிக்கூட ஸ்டூல்.

அவள் வாசலிலேயே நின்றாள். "என்னைக்கு உடைஞ்சது?"

எது என்று கேட்டு நடிக்கக்கூட அவனுக்குத் தெம்பு இல்லை. "வியாழக்கிழமை. விடியக்காலம் டிக்குனு ஒரு சத்தம்."

"அன்னைக்குத்தானே மாமாவைத் தலைமாடு கால்மாடு மாத்திப் படுக்க வெச்சீங்க? காத்து நல்லா வரும்னீங்க."

"ம்."

"இந்தக் கட்டை தாங்கும்னு நினைக்கிறீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

அவன் ஸ்டூலைக் காலால் கொஞ்சம் நகர்த்திச் சரி செய்தான். "எதையாவது செய்யணும்ல."

இவனோடு பத்தொன்பது வருடம். கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று பட்டது அவளுக்கு. வரவில்லை. கோபத்துக்கும் உடம்பில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும் போலிருக்கிறது.

"அப்பா போகமாட்டேன்னு சொல்லிட்டார். நான் எப்படி அவரை அள்ளிக் கொடுத்து அனுப்பறது? பெத்தவனை வெளிய தள்ளினான்னு..."

"நீங்க சொல்லாம இருந்தா நல்ல பிள்ளை. நான் சொன்னா? மாமனாரைக் கழிச்சுவிட வழி தேடிக்கிட்டிருந்தா, கண்ணாடி கிடைச்சுதுன்னு உங்க தங்கச்சி சொல்லுவா."

"சொல்லமாட்டா."

"சொல்லுவா. அதுகூடப் பரவாயில்லைங்க. எனக்கே அப்படித்தான் தோணுது."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அதற்குள் முற்றத்தில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

நாத்தனார் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். எங்கே போனாலும் ஒரு பை நிறைய மாத்திரையோடு போவாள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் பத்து நிமிடத்தில் யாருக்காவது ஒரு நோயைக் கண்டுபிடித்துவிடுவாள்.

"என்ன அண்ணி, கண்ணுக்கடியில இவ்வளவு கருப்பு? ரத்தம் கம்மி. சாப்பாட்டுக்கப்புறம் ஒண்ணு போடுங்க." பையைச் சமையல் மேடையில் வைத்தாள். "கொத்தனார் வந்தாச்சா? கண்ணாடி என்ன சொல்லுது?"

"வரல. போட்டோ கேட்டிருக்கார்."

"எடுத்தாச்சா?"

மருமகள் போனைக் கையில் வைத்திருந்தாள். கணவன் பின்கட்டு வாசலில் வந்து நின்றான். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை. ஒரு படம். அதில் முழுக் கண்ணாடி பளிச்சென்று தெரியும். கொத்தனார் 'நல்லதாப் போச்சு' என்பார். நாத்தனார் டீ குடித்துவிட்டுப் போவாள். எல்லோரும் அவரவர் இடத்தில் இருப்பார்கள், மாமனாரும் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் இருப்பார்.

அவள் கொத்தனாரைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு மேடையில் வைத்தாள்.

"கண்ணாடி உடைஞ்சு போச்சுங்க. வியாழக்கிழமையே. இப்ப இருக்கறது வேற கண்ணாடி."

நாத்தனாரின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"வேறயா? யாரு ஒட்டினது?" என்றார் கொத்தனார்.

"நான்தான்," என்றான் கணவன், போனைப் பார்த்து.

அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நின்றது. "சரிங்கண்ணே. அது இருக்கட்டும். உடைஞ்சப்ப எப்படி இருந்துச்சு? ஒரு துண்டு கீழ எறங்கியிருந்துச்சா?"

"இல்ல. ஒண்ணு முன்னாடி வந்திருந்துச்சு. அளந்து பாத்தேன். ரெண்டு மில்லி இருக்கும்."

"முன்னாடின்னா? கொட்டகைப் பக்கமா, கட்டில் பக்கமா?"

"கட்டில் பக்கம்."

"இதை வியாழக்கிழமை சொல்லியிருக்கணும்ண்ணே. அது ஒரு சுவர் இல்ல, ரெண்டு சுவர். இந்தப் பக்கம் ஒரு கல் வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை, நடுவுல மண்ணும் ஜல்லியும். மேல இருந்து தண்ணி உள்ள எறங்குது. முன்னாடி கல் சந்துல சுண்ணாம்பு இருந்துச்சு, ஈரம் கசிஞ்சு வெளிய போயிடும். இப்ப சிமெண்ட்டைப் போட்டு எல்லாச் சந்தையும் அடைச்சு வெச்சிருக்கீங்க. எங்க போகும்? உள்ள ஊறி ஊறி முன் வரிசையைத் தள்ளுது. பெரியவரை அந்த ரூமை விட்டு இப்பவே எடுங்க. சாயங்காலம்னு வெச்சுக்காதீங்க. மத்த ரூமை நாளைக்கு வந்து பாக்கறேன்."

போன் அணைந்ததும் நாத்தனார் திரும்பினாள். "சிமெண்ட்டும் உன் கைங்கரியம்தானே? பல்லி வருதுன்னு சொன்னேன்னு ஞாயிறு ஞாயிறா உக்காந்து பூசினே. ஊசி போட வந்தவன் மருந்தை மாத்திப் போட்ட கதை. அண்ணா, உனக்குப் பைத்தியமா? ரெண்டு ராத்திரி அவரை அங்க படுக்க வெச்சிருக்கே!"

"நானும் அங்கதான் படுத்தேன். தரையில, சுவர் ஓரமா," என்றான் அவன்.

"பெரிய தியாகி. விழுந்தா ரெண்டு பேர்னு ஆகியிருக்கும்!" அவள் பார்வை மருமகளிடம் வந்தது. வராமல் இருக்குமா? "அண்ணிக்கு எப்படியோ வசதியாப் போச்சு."

"ஆமா," என்றாள் மருமகள். "வசதிதான். எனக்குத் தூக்கம் வேணும். நான் தூங்கணும்னு ஆசைப்பட்டாலும் சுவர் விழறது விழறதுதானே?"

நாத்தனார் பைக்குள் இருந்த கையை வெளியே எடுத்தாள். அவளிடம் அதற்கு மாத்திரை இல்லை.

மூன்று பேரும் கடைசி அறைக்குப் போனார்கள். மாமனார் விழித்துக்கொண்டு, வலது கையைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு கிடந்தார்.

"மாமா, உங்களை இந்த ரூமை விட்டு மாத்தணும். வருவீங்களா?" என்றாள் மருமகள்.

கணவன் குனிந்து தரையைப் பார்த்தான்.

"எப்ப கேப்பீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருக்கேன்," என்றார் அவர். நாக்கு கொஞ்சம் குழறியது, கோபம் குழறவில்லை. "ராத்திரியெல்லாம் உள்ள கருக்கு கருக்குன்னு மண்ணு எறங்குது. இவன் வேற கீழ படுத்துக்கிட்டுப் பெருமூச்சு விடறான். மனுஷன் எப்படித் தூங்கறது?"

"நீங்கதானேப்பா நாலு பேர் தூக்கினாத்தான் போவேன்னீங்க?" என்றான் மகன்.

"ஏதோ வீம்புக்கு ஒரு வார்த்தை சொன்னா அதையே புடிச்சுக்குவியா? எனக்கு டீயில சக்கரை போதலைன்னு தினமும்தான் சொல்றேன். அதை யாராவது புடிச்சீங்களா?"

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "அப்ப கிளம்புங்கப்பா. நம்ம வீட்டுக்குப் போகலாம்."

"நாலாவது மாடிக்கா? லிப்டுக்குள்ள நின்னா எனக்கு மூச்சு முட்டும். அது வேண்டாம்."

அப்படியானால் எங்கே கொண்டுபோவது? வண்டிக்கொட்டகைக்கு முன்பக்கச் சுவர் கிடையாது, நாலு கல்தூணும் கூரையும்தான். வீட்டின் மற்ற அறைகளைக் கொத்தனார் நாளைக்குத்தான் வந்து பார்ப்பார். மிச்சம் இருப்பது ஒரே இடம். அது எல்லோருக்கும் முன்னால் மருமகளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஒரு நிமிடம் சொல்லாமல் நின்றாள். அந்தக் கோரைப்பாய், அந்த வெங்காய வாசனை, யாரும் கூப்பிடாத அந்த அரைமணி நேரம். சொல்லிவிட்டால் போச்சு.

"களஞ்சியம் இருக்கு," என்றாள். "ஒரு சொட்டு ஈரம் கிடையாது. நான் பாத்திருக்கேன்."

மாமனார் யோசித்தார். பிறகு நல்ல கையை மகள் பக்கம் நீட்டினார். "என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னல்ல? வா, முத்தத்தைத் தாண்டிக் கூட்டிட்டுப் போ. ஒரு வாரம் நீயே கூட இருந்து பாத்துக்கோ. அந்தப் பொண்ணு படுக்கட்டும்."

"எனக்குக் கடை இருக்கேப்பா!"

"எனக்கும்தான் உடம்பு இருக்கு."

கட்டில் கதவு வழியாக வராது. அறைக்குள்ளேயே வைத்துச் சேர்த்துப் பூட்டிய கட்டில் அது. மெத்தையை மட்டும் உருவினார்கள். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, துண்டால் சேர்த்துக் கட்டி, அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். ஒவ்வொரு வாசற்படியிலும் மருமகள் கீழே குனிந்து நாற்காலிக் காலைத் தாங்கிக் கொடுத்தாள். முற்றத்து வெயிலில் அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

களஞ்சியத்துப் படிகளில் ஏறுவது பெரிய காரியமாக இல்லை. கடைசிப் படியில்தான் எல்லோரும் நின்றார்கள். படிக்கும் வாசலுக்கும் நடுவே அந்த ஒரு எட்டு இடைவெளி, கீழே கருங்கல் தரை.

"எலிக்குப் போட்ட திட்டத்துல நான் மாட்டிக்கிட்டேன் பாரு," என்றார் மாமனார்.

கணவன் ஒரு காலைப் படியிலும் ஒரு காலை வாசலிலும் வைத்து, இடைவெளியின் மேல் தன் உடம்பையே பாலமாக்கி நின்றான். நாத்தனார் புதுச் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே தாவினாள். "குடுங்க அண்ணி, விட்டுடாதீங்க... ஐயோ அப்பா, என் கழுத்தைப் பிடிங்க, கம்மலைப் பிடிக்காதீங்க!" ஒரு கணம் நாற்காலி யார் கையிலும் முழுதாக இல்லாமல் இருந்தது. அடுத்த கணம் உள்ளே இருந்தது.

மெத்தையைப் போட்டு அவரைக் கிடத்தியதும் நாத்தனார் வெங்காயக் கூடையின் மேலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "இவ்வளவையும் தினமும் தனியாவா செய்யறீங்க?" என்று கேட்டாள். மருமகளுக்கு அவள் கேட்டதே போதும்போல் இருந்தது.

திரும்பிப் பார்த்தபோது கணவன் இல்லை.

தலையணை எடுக்கப் போயிருப்பான் என்று நினைத்தாள். தலையணை இங்கேயே இருந்தது.

அவன் கடைசி அறையில், மெத்தை உருவிய வெறும் கட்டில் பலகையில் உட்கார்ந்திருந்தான், இரண்டு கையையும் தொடை நடுவில் வைத்துக்கொண்டு.

"வாங்க."

"வரேன், நீ போ."

"இங்க என்ன இருக்கு இப்ப?"

"ஒண்ணும் இல்ல. கொஞ்ச நேரம் இருந்துட்டு வரேன்."

போகமாட்டேன் என்று சொன்னவர் போய்விட்டார். ஒன்றுமே சொல்லாதவன்தான் போகாமல் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எடுத்துச் சொல்ல அவளிடம் நியாயங்கள் இருந்தன. வார்த்தைகளைக் கோத்துக் கொண்டுவரத்தான் முடியவில்லை. மாமனாரைத் தூக்கியாகிவிட்டது. இவனை எங்கே பிடித்துத் தூக்குவது? கால் இரண்டும் கெஞ்சின. பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்க்காமல் முதுகைச் சாய்த்தாள்.

"அங்க சாயாதே!"

அவன் எழுந்ததை அவள் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்து இழுத்த வேகம்தான் தெரிந்தது. முதல் படி, அடுத்த அறை, இரண்டாவது படி, கூடம். முட்டி இடித்தது. முற்றத்துக்கு வந்த பிறகுதான் அவன் நின்றான். இரண்டு பேருக்கும் மூச்சு இரைத்தது.

"அறிவிருக்கா? அது போய்ச் சாயற சுவரா?" என்று கத்தினான். இந்த வீட்டில் ஒரு வாரத்துக்குப் பிறகு அவன் போட்ட முதல் சத்தம்.

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

அவன் முகம் உடைந்துபோயிற்று. களஞ்சியத்துக்குள் நாத்தனார் யாருக்கோ போன் போட்டு லீவு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு கண்ணாடி இருக்கு," என்றான்.

"எங்க?"

"நம்ம ரூம்ல, பீரோவுக்குப் பின்னாடி. அங்கயும் ஒரு கோடு மாதிரி தெரிஞ்சுது. நீ பயப்படுவேன்னு சொல்லல. புதன்கிழமை ஒட்டினேன்."

அவர்கள் இரண்டு பேரும் வழக்கமாகத் தலைவைத்துப் படுக்கிற பக்கம் அது.

"இன்னைக்குப் பாத்தீங்களா?"

அவன் வீட்டு வாசலைப் பார்த்தான். உடம்பு அந்தப் பக்கம் மெல்ல ஒரு அங்குலம் சாய்ந்தது.

அவன் பிடித்திருந்த மணிக்கட்டை அவள் திருப்பி, தன் விரல்களால் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எங்கேயாவது உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்காரவில்லை. பிடி தளர்ந்தால் அவன் உள்ளே போய்விடுவான்.